புளியறைக் காற்றுக்கு விளக்கெண்ணெய்

மேலகரம்
16.6.1985

அன்புள்ள சுந்தரிக்கு,

நான் சுகம், மில் சுகம், அக்கா சுகம். நீ டென்மார்க் போய்ச் சேர்ந்ததாக எழுதிய அட்டை வந்தது. படத்தில் ஒரு மாடு நிற்கிறது. பேராச்சி அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, ஆறு மாசப் படிப்புன்னு கடல் தாண்டிப் போனவ மாட்டுப் படத்தையா அனுப்புதா? மாடு இங்கன இல்லையாக்கும்?" என்றாள். ஆனாலும் அதைச் சுவாமி படங்களுக்குப் பக்கத்தில்தான் செருகி வைத்திருக்கிறாள்.

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது. அருவிக்குப் போகிற வண்டிகள் நம் அரிசி மில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நெல் வண்டி உள்ளே வர நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது.

நீ ஒப்படைத்த வேலையைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குப் புளியறையில், காந்திமதிநாதன் அண்ணாச்சியின் மேட்டு நிலத்தில், உன் கம்பத்தடியில் நிற்கிறேன். அறுபதடி உயரத்தில் மூன்று கிண்ணமும் ராட்டினமாய்ச் சுற்றுகின்றன. அடியிலுள்ள பெட்டியில் எண் ஓடுகிறது. அதை நோட்டில் எழுதி, நேற்றைய எண்ணைக் கழித்து, காற்றின் வேகத்தைப் போடுகிறேன். சராசரி மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டர்! ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று வருகிற வரத்து அப்படி. என் வேட்டியை நான் காப்பாற்றுவதே பெரும்பாடு.

ஊர் சும்மா இருக்குமா? சவரக் கடையில் ஒருத்தன், "என்னவே, பொண்டாட்டிய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு நீரு காத்தை எண்ணுதீராமே" என்றான். நான் விடவில்லை. "எழுபத்தொம்பதுல டீசல் கேனைத் தூக்கிட்டுப் பதினோரு நாள் வரிசையில நின்னோமே, நீயும் எனக்குப் பின்னாலதானே நின்னே? எங்கயோ வளைகுடாவில ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா மேலகரத்துல நெல்லு அரைபடாதுங்கிற பொழப்பு போகணும்னுதாம்ல அவ போயிருக்கா" என்றேன். நீ என்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் நான் சொன்னபோது இன்னும் நன்றாக இருந்தது.

செப்டம்பரில் அங்கே நடக்கிற கூட்டத்தில் புளியறை பெயர் வந்துவிட்டால் எட்டுக் காற்றாலைகள் நம் கணவாயில் நிற்கும். இதற்காக நீ மூன்று வருஷம் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். எண்களைப் பற்றி நீ கவலைப்படாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் அன்பு அத்தான்,
சங். நாறும்பூநாதன்


லெம்விக், டென்மார்க்
1.7.1985

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வேட்டி விஷயத்தை மட்டும் நாலு தடவை. இங்கே கோடையாம், நான் இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுதினால் அக்கா அழுவாள், அதனால் எழுதவில்லை. ஊறுகாய் ஜாடி பாதி காலி.

இந்த ஊர்க்காரர்கள் விவசாயிகள். பால் கறக்கிறார்கள், பன்றி வளர்க்கிறார்கள். பதினெட்டுக் குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு காற்றாலை வைத்திருக்கின்றன. எழுபத்துமூன்றில் அரபு நாடுகள் எண்ணெயை முடக்கியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கார் ஓட்டக்கூடாது என்று இங்கே சட்டம் போட்டார்களாம். பணக்கார நாடு, கையில் காசு இருந்தும் வண்டி ஓட வழியில்லாமல் நின்றிருக்கிறது. "அன்று பட்ட அவமானம்தான் இந்தக் காற்றாலை" என்று ஒரு பால்காரக் கிழவர் சொன்னார். எனக்கு நம் டீசல் வரிசை ஞாபகம் வந்தது. நாங்களும் செய்வோம் என்றேன்.

இனி ஒரு சங்கதி, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இவர்கள் நமக்குப் பணம் தரத் தயார். ஆனால் ஒரு நிபந்தனை வைக்கப் பார்க்கிறார்கள். காற்றாலை மட்டுமல்ல, காற்றை அளக்கிற கருவியிலிருந்து கம்பத்து மரையாணி வரைக்கும் அவர்கள் நாட்டிலேயே வாங்க வேண்டுமாம். அப்படி வாங்கினால் எண்ணெய்க்குக் கையேந்துவதை விட்டுவிட்டு மரையாணிக்குக் கையேந்துவோம். நம் புளியறைக் கம்பத்தில் இருப்பது பெங்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் நாலு பேர் சேர்ந்து செய்த கருவி. "எங்கள் கருவி நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதை நாங்களே செய்துகொள்வோம்" என்று கூட்டத்தில் நான் வாதாடப் போகிறேன். கருவியில் தொடங்கி, பிறகு கம்பம், பிறகு இறக்கை.

ஆகவே அத்தான், தினமும் அதே நேரத்துக்குப் பெட்டியிலுள்ள எண்ணைக் குறியுங்கள். மற்றபடி எதையும் தொட வேண்டாம். உங்கள் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
சுந்தரி


மேலகரம்
7.7.1985

அன்புள்ள சுந்தரிக்கு,

இந்தத் தடவை உன் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்டுவிட்டேன். பரவாயில்லை, என்னிடம் ஒரு நல்ல சேதி இருக்கிறது.

போன வாரம் முழுக்க உன் கம்பத்தின் உச்சியிலிருந்து கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். உனக்கே தெரியும், எண்ணெய் காணாத யந்திரம் கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது. மில்லில் இருக்கிற எண்ணெய் கன எண்ணெய், இவ்வளவு நுணுக்கமான சாமானுக்கு ஆகாது. யோசித்தேன். எங்கள் அப்பா காலத்து வண்டி அச்சுக்கெல்லாம் விளக்கெண்ணெய்தான். அக்கா ஆட்டி வைத்திருந்த சுத்தமான விளக்கெண்ணெயை ஒரு மருந்து பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணை எழுதி முடித்ததும் தென்னை ஏறுகிற பிச்சைமணியைக் கூட்டிவந்து மேலே ஏற்றினேன். அவன் உச்சியில் இருந்துகொண்டு, "அண்ணாச்சி, கேரளா பூராத் தெரியுது, எண்ணெய எங்கன விடணும்?" என்றான். சுற்றுகிற இடமெல்லாம் விடச் சொன்னேன். சத்தம் நின்றது பார், கோயில் மாதிரி அமைதி! அவனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமையிலிருந்து காற்று கொஞ்சம் மந்தம். இருபது, பத்தொன்பது என்றுதான் வருகிறது. சாரலுக்கும் ஓய்வு வேண்டாமா? ஆடி பிறந்தால் சரியாகிவிடும். எண்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் அலுவலகத்து ஜீப் ஒரு நாள் வந்தது. "ஒரு நாள் தப்பாம எழுதியிருக்கீங்களே சார்" என்று அந்தப் பையன் அசந்துபோனான். உன் புருஷன் என்றால் சும்மாவா?

உன் அன்பு அத்தான்,
நாறும்பூநாதன்


லெம்விக்
21.7.1985

அத்தானுக்கு,

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கருவிக்கு எண்ணெயே போடக்கூடாது. அது உலர்வாகச் சுற்றினால்தான் இளங்காற்றையும் பிடிக்கும். விளக்கெண்ணெய் பசை மாதிரி. சாரல் ஈரமும் புழுதியும் சேர்ந்தால் களியாகிவிடும். காற்று மந்தமாகவில்லை அத்தான். நீங்கள் கிண்ணத்தின் காலைக் கட்டிவிட்டீர்கள்.

ஆடிக் காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள். அந்த மாதத்து எண்தான் எனக்கு உயிர். அதைப் போய்! ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா? எல்லாம் தெரியும் என்கிற இந்த எண்ணம் உங்களுக்கு எப்போதுதான் போகும்? கோபம் வந்து அழுகையும் வந்தது. பக்கத்து அறைப் பெண் என்ன என்று கேட்டாள். விளக்கெண்ணெய்க்கு இவர்கள் பாஷையில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உடனே பிச்சைமணியை ஏற்றி கருவியைக் கழற்றுங்கள். பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள். என்றைக்குச் சுத்தம் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

மேலதிகாரி ஒருவரிடம் டெலிபோனில் சொன்னேன். "இதுக்குப் போயா கலங்குறீங்க? கெட்டுப்போன நாளுக்கெல்லாம் முப்பது சதவீதம் கூட்டிப் போட்டுருங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் கை அரித்தது. மூன்று வருஷ உழைப்பு. எண் குறைந்தால் புளியறை போய்விடும். என்னையும் ஏதாவது ஒரு மேஜையில் கோப்புக் கட்ட வைத்துவிடுவார்கள்.

கூட்டிப் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்த நாட்களுக்கு நேரே "கருவிக் கோளாறு" என்று எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் பெயர் எங்கும் வராது. ஏற்கெனவே ஊர் உங்களைக் கேலி பேசுகிறது. இதையும் சேர்த்து உங்கள் தலையில் ஏற்ற எனக்கு இஷ்டமில்லை.

சுந்தரி


மேலகரம்
8.8.1985

அன்புள்ள சுந்தரிக்கு,

திட்டு. நன்றாகத் திட்டு. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவன்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எதையும் தொடாதே என்று நீ ஜூலை ஒன்றாம் தேதி எழுதிய கடிதம் பதின்மூன்றாம் தேதியே வந்துவிட்டது. எண்ணெய் விடுவது தொடுவதில் சேராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டேன். காற்று தானாக ஏறிவிடாதா என்று தினமும் கம்பத்தடியில் நின்று வேண்டினேன். கோழைத்தனம்தான். கருவியை எட்டு நாளில் கழுவியிருக்க வேண்டியது, இருபத்தொன்பது நாளாகிவிட்டது.

இம்மாதம் மூன்றாம் தேதி காலையில் கழற்றினோம். உள்ளே கருப்பாகக் களிம்பு. பெட்ரோலில் ஏழு தடவை கழுவி, மத்தியான வெயிலில் காயவைத்து மாட்டினோம். நாலாம் தேதியிலிருந்து இருபத்தாறு, இருபத்தேழு. கிண்ணம் பறக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேள். கருவிக் கோளாறு என்று நீ எழுதவே கூடாது. நாங்களே கருவி செய்துகொள்வோம் என்று சொல்லத்தானே நீ அங்கே எழுந்து நிற்கப் போகிறாய்? உன் கையாலேயே கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் விடுவார்களா? "பார்த்தீர்களா, உங்கள் சாமான் ஒரு மாதம் தாங்கவில்லை, எங்களுடையதை வாங்குங்கள்" என்பார்கள். ஒரு பாவமும் அறியாத அந்தப் பெங்களூர்க்காரர்கள் பிழைப்பில் மண் விழும்.

இந்தப் பாவத்தை நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். உனக்குத் தெரியாது. நம் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஒரு கோயம்புத்தூர் மோட்டார் வாங்கினேன். மின்சாரம் மங்கலாக வருகிறதே என்று பார்க்காமல் ஓட்டி, நானே சுருளைக் கருக்கினேன். ஊரில் மோட்டார் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று மில்காரர்கள் அதை வாங்காமல் சீமை மோட்டார் வாங்கினார்கள். அந்தக் கடைக்காரன் முகத்தில் இன்றுவரை என்னால் விழிக்க முடியவில்லை. மறுபடி அப்படிச் செய்ய மாட்டேன்.

ஆகவே, இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். முத்திரைத்தாளில், என் சொந்த இங்கிலீஷில், நானே எழுதினது. எந்தத் தேதியில், என்ன எண்ணெய், எவ்வளவு, யார் ஏறினது, யார் சொல்லி ஏறினது, எல்லாம் இருக்கிறது. கருவியில் குறை இல்லை, குறை என்னுடையது என்று முடித்திருக்கிறேன். தென்காசியில் வக்கீல் ராமசேஷனிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "என்ன ஓய், கொலைக் கேஸ்லகூட இவ்வளவு விவரமா யாரும் ஒத்துண்டது கிடையாதே!" என்று கோர்ட் வாசலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். சாயங்காலத்துக்குள் புளியங்குடி எலுமிச்சை மண்டிவரை சேதி போய்விட்டது. இப்போது என் பேர் "விளக்கெண்ணெய் அண்ணாச்சி". லாரிக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சிரிக்கட்டும்.

சதவீதம் கூட்டாதே. கெட்டுப்போன நாளைக் கெட்டுப்போன நாள் என்றே காட்டு. கூட்டத்தில் இந்தத் தாளை நீயே வாசி. வேறு யாரிடமும் கொடுக்காதே. புளியறை போனால் போகட்டும் என்று என்னால் எழுத முடியவில்லை. ஆனாலும் வாசி.

உன் அத்தான்,
நாறும்பூநாதன்


கோபன்ஹேகன்
21.9.1985

என் அன்புள்ள அத்தானுக்கு,

கூட்டம் நேற்று முன்தினம் முடிந்தது. முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டியலில் புளியறை இல்லை. காற்று உச்சத்தில் இருக்கிற காலத்தில் இருபத்தொன்பது நாள் ஓட்டையாக இருக்கும்போது ஒப்புக்கொள்ள முடியாது, இன்னும் ஒரு முழுப் பருவம் அளந்து வாருங்கள் என்றார்கள். எட்டுக் காற்றாலையும் கடற்கரைக்குப் போகின்றன. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இனி மற்றதைக் கேளுங்கள். நீள மேஜை, முப்பது பேர், அதில் நம் தூதரகத்திலிருந்து இரண்டு பேர். நான் வரைபடத்தை விரித்ததுமே, ஜூலையில் கோடு பள்ளமாக விழுந்திருப்பதை ஒருவர் பேனாவால் தட்டினார். "உங்கள் நாட்டுக் கருவி நின்றுவிட்டதா?" என்று கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் நிபந்தனைத் தாள் அவர் கையடியில் தயாராக இருந்தது.

நான் உங்கள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இங்கிலீஷில் முதல் வார்த்தை "நான்". அடுத்த வார்த்தை உங்கள் பெயர்.

அத்தான், எனக்கு வாய் கட்டிக்கொண்டது. பதினொரு வருஷமாக அத்தான் என்றும், அவுக என்றும், மில்லுக்காரர் என்றும் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டபோதுகூட அக்காவைச் சொல்லவைத்தேன். இஞ்சினியர் வேலை பார்த்து என்ன, உங்கள் பெயர் மட்டும் என் நாக்கில் ஏறினதே கிடையாது. அங்கே எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்து, தலைவர் தானே வாசிப்பதாகக் கை நீட்டினார். நீங்கள் சொன்னது நினைவு வந்தது. தாளைக் கொடுக்கவில்லை. "மேலகரம் சங்கரசுப்பிரமணியன் மகன் நாறும்பூநாதன் ஆகிய நான்" என்று, வாய் நிறைய, முழுப் பெயரையும் சொன்னேன். பிச்சைமணி, மருந்து பாட்டில், பெட்ரோல், எல்லாவற்றையும் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். "குறை கருவியுடையது அல்ல, என்னுடையது."

சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் தாடி வைத்த ஒரு மூத்த இஞ்சினியர் மட்டும் சிரிக்காமல், கழுவின பிறகு எண் எவ்வளவு என்று கேட்டார். ஆகஸ்ட் நாலிலிருந்து வரிசையாகக் காட்டினேன். "களிம்போடு ஒரு மாதம் சுற்றிவிட்டு, கழுவினதும் பழையபடி ஓடுகிறது. இதை விட நல்ல கருவியை நாங்கள் எங்கே தேடுவது?" என்றார். இன்னொருவர், தன் அனுபவத்தில் இப்படி ஒரு ஓட்டையை யாரும் காட்டினதில்லை, எல்லாரும் பூசி மெழுகித்தான் கொண்டுவருவார்கள், இந்த நோட்டில் மற்ற எண்களையும் இனி நம்பலாம் என்றார்.

கருவியைப் பற்றிய நிபந்தனை அடிபட்டுப் போனது. கம்பத்துக்கான நிபந்தனையும் போய்விட்டது, இரண்டையும் நாமே செய்துகொள்ளலாம். இறக்கைக்கு இன்னும் இழுபறிதான். அடுத்த வருஷம் நம் மாநிலத்தில் பன்னிரண்டு கம்பங்கள், பன்னிரண்டிலும் பெங்களூர்க் கருவி. கையேந்திப் போன இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினோம் என்று தூதரகத்து அதிகாரி என் கையைக் குலுக்கினார். என்னை மேஜைக்கு அனுப்பவில்லை. அந்தப் பன்னிரண்டும் என் பொறுப்பு.

கோபத்தில் எழுதினதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஊர் எந்தப் பெயரிட்டு வேண்டுமானாலும் அழைக்கட்டும். நான் தலை நிமிர்ந்து இருக்கிறேன். நவம்பர் 28 காலை கொல்லம் மெயிலில் தென்காசி வந்து சேருவேன்.

உங்கள்,
சுந்தரி


மேலகரம்
6.10.1985

அன்புள்ள சுந்தரிக்கு,

கடிதத்தை மில்லில் வைத்துப் படித்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, நெல் தீர்ந்துபோனது எனக்குத் தெரியவில்லை. ஆள் ஓடிவந்து நிறுத்தினான்.

புளியறை போனதில் வருத்தம் இருக்கிறது. இரண்டு நாள் சோறு ருசிக்கவில்லை. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் காந்திமதிநாதன் அண்ணாச்சி, "காத்து எங்கவே போயிரும்? கணவாயை எவனும் அடைச்சிருவானாக்கும்? அடுத்த ஆடிக்கும் அளப்போம்" என்றார். காலையில் வழக்கம்போல் ஆறு மணிக்குப் போய் நோட்டில் எழுதிவிட்டு வந்தேன். புரட்டாசிக் காற்று பத்துத்தான். பத்து என்றே எழுதினேன்.

சவரக் கடையில் அன்றைக்குக் கேட்டவனே, "அண்ணாச்சி, அந்த லெட்டரைக் கொஞ்சம் வாசியும்" என்றான். வாசித்தேன். பன்னிரண்டு கம்பம் என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னான். நீ எழுதினதில் ஒரு இடத்தை மட்டும் நான் அங்கே வாசிக்கவில்லை. அது எனக்கு.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு, "ஏலே, பொம்பள புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்லா? அதுவும் முப்பது பேரு மத்தியிலயா சொன்னா?" என்று பதறிப்போய், குற்றாலநாதருக்கு ஒரு அர்ச்சனை சொல்லிவைத்திருக்கிறாள். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருக்கிறது, அதைத்தான் அவள் ஆயுசு என்கிறாளோ என்னவோ.

எனக்கு ஒரே ஒரு குறை. முப்பது பேர் கேட்டார்கள், டென்மார்க்காரர்கள் கேட்டார்கள், தூதரகத்து அதிகாரிகள் கேட்டார்கள். பெயருக்குச் சொந்தக்காரன் நான் கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலையில் ஸ்டேஷனில் பாதி மேலகரமே நிற்கும். நான் வேண்டுமென்றே பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். வெட்கப்படாதே. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடு. அதற்குப் பிறகுதான் திரும்புவேன்.

உன்,
நாறும்பூநாதன்